மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்!

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் வந்தால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி எங்கள் நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றுப் படகுத் துறைக்கு வந்து போகிறவர்களுக்கு ஊரின் பெயர் தெரிந்திருக்கும். படகேறி மணல் திட்டுக்குப் போய், கடலில் காலை நனைத்துக்கொண்டு, திரும்பிப் போய்விடுவார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் முறுக்கும் அதிரசமும் வெந்துகொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே அந்த வீட்டு அடுப்பைப் பற்றியதுதான்.

பலகாரம் செய்து விற்கிற வீட்டில் லாபத்தைத் தின்பது எண்ணெய் என்று நினைப்பீர்கள். எண்ணெய் பாதிதான், மீதியைத் தின்பது காஸ். வீட்டுக்கென்று கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது. கடைகளுக்குக் கொடுக்கும் 19 கிலோ சிலிண்டரை வாங்கினால் முறுக்குக்கு நாம் வைக்கிற விலையைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஓடிப்போவார்கள். விறகு வைக்கலாமென்றால் மாமியாரின் இருமல் கண்முன் நிற்கிறது. நாற்பது வருஷம் விறகடுப்பில் ஊதாங்குழலோடு உட்கார்ந்த இருமல் அது.

இந்தச் சங்கடத்தில் நான் இருந்தபோதுதான் என் சின்ன மாமியார் பிரான்சிலிருந்து வந்தார். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. "எங்கள் வீட்டில் குளிருக்குக் கிரானுலே அடுப்புதான். 15 கிலோ பை. கொட்டிவிட்டால் தானாக எரியும். புகையே கிடையாது" என்றார். கிரானுலே என்றால் என்னவோ ஏதோவென்று பார்த்தால், நம் ஊர்க்காரர்கள் பெல்லட் என்கிறார்களே, அதேதான். மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத குட்டைக் குச்சி.

அவர்களுக்கு அது அறையைச் சூடாக்க. நமக்குச் சோறு வடிக்க. நம் ஊரில் கிடைக்கிற பெல்லட் அடுப்பில் அடியில் ஒரு சிறிய காற்றாடி இருக்கும். அது ஊதும் காற்றில் குச்சி முதலில் புகைந்து, அந்தப் புகையே மேலே வந்து மறுபடி காற்றோடு கலந்து தீப்பிடித்து எரிகிறது. விறகடுப்பில் கண்ணைக் கரிக்கிற புகை இங்கே ஜ்வாலையாகிவிடுகிறது. யோசனை பிரமாதம்தான். ஆனால் குச்சி நன்றாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மூட்டை செலவாயிற்று.

முதலில் ஒரு சங்கதி. "எந்த மரத்துப் பெல்லட் நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். நன்றாகக் காய்ந்துவிட்டால் மரத்துக்கு மரம் கிலோவுக்குக் கிடைக்கிற உஷ்ணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாமரமும் வேலமரமும் அளவில்தான் வேறு. எடைக்கு எடை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எதில் என்றால், ஈரத்திலும் சாம்பலிலும். பச்சையாக வெட்டின மரத்தில் பாதி எடை தண்ணீராகக்கூட இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் நெருப்பு முதலில் பாடுபடும். ஒரு கிலோ தண்ணீரை விரட்ட அறுநூறு கிலோ கலோரிக்கு மேல் போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் உங்கள் வாணலிக்கு. ஐரோப்பாவில் முதல்தர பெல்லட்டுக்கு வைத்திருக்கிற விதியும் இதையே பார்க்கிறது. ஈரம் நூற்றுக்கு 10-க்கு மேல் கூடாது. சாம்பல் நூற்றுக்கு 0.7-க்கு மேல் கூடாது. உதிர்ந்த தூள் நூற்றுக்கு 1-ஐத் தாண்டக் கூடாது. கனம் 6 அல்லது 8 மில்லிமீட்டர். மரத்தின் ஜாதி பெரிதல்ல.

நம் பக்கத்தில் விற்கிற பெல்லட் எல்லாம் மரத்தூள் என்று எண்ணிவிடாதீர்கள். கரும்புச் சக்கை உண்டு, மல்லாட்டைத் தோல் உண்டு, உமி உண்டு. மல்லாட்டை என்றால் வெளியூர்ச் சகோதரிகள் விழிக்க வேண்டாம், வேர்க்கடலைதான். இவற்றில் எதுவும் விலக்கத் தக்கதல்ல. ஆனால் உமியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிலோ உமியை எரித்தால் இருபது கிலோவுக்குப் பக்கத்தில் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி மணலின் ஜாதியான சிலிக்கா. சுத்தமான மரத்தூளில் அதே நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சாம்பல் தேறினாலே அதிகம்.

என் அனுபவத்தைக் கேளுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று ஒரு கடையில் நான்கு மூட்டை எடுத்தேன். "சுத்தமான மரத்தூள் அம்மா" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். முதல் ஈடு முறுக்கு வெந்தது. இரண்டாவது ஈட்டில் ஜ்வாலை மஞ்சளாகிச் சோர்ந்தது. மூன்றாவதில் அடுப்பு புகைய ஆரம்பித்துவிட்டது. எண்ணெயில் கிடந்த முறுக்கு ஊறிப்போய்ச் சவசவவென்று ஆகிவிட்டது. ஆறவைத்துக் கவிழ்த்துப் பார்த்தால், காற்றுப் போகிற துவாரங்களையெல்லாம் சாம்பல் மூடியிருந்தது. உமி கலந்த சரக்கு! ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் அன்றைக்குத் தவறியது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்த சாமர்த்தியத்தை மாமியார் இன்னும் அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறார்.

அதிலிருந்து நான் மூட்டையைப் பிரிக்காமல் வாங்குவதில்லை. நீங்களும் கூச்சப்படாதீர்கள், அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறவர்கள்தானே நாம்? கையை மூட்டையின் அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளுங்கள். மேலே பளபளவென்று குச்சி, அடியில் தவிடு மாதிரித் தூள் என்றால், சரக்கு ஈரம் பட்டது, அல்லது சரியாக அழுந்தாதது. காற்றாடி அந்தத் தூளைக் கிளப்பிவிடும், புகை வரும். ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள். 'படக்'கென்று முறிய வேண்டும். விரல் பட்டதும் நொறுங்கினால் வேண்டாம். மேல் பக்கத்தில் லேசான மெருகு இருந்தால் நல்லது. மரத்திலே லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அச்சில் அழுத்தும்போது எழும் சூட்டில் அது இளகி, ஆறும்போது பசை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. அந்த மெருகு அதனால் வருவதே. வேறு பசை அவசியமில்லை.

அடுத்தது தண்ணீர்ப் பரீட்சை. ஒரு கண்ணாடித் தம்ளரில் நாலு குச்சியைப் போடுங்கள். இறுக அழுத்தினது கல் மாதிரி அடியில் போகும். மிதந்தால் அழுத்தம் போதாது. சிறிது நேரத்தில் ஊதிப் பெருத்து, வெறும் மரத்தூளாகப் பிரிந்துவிட வேண்டும். கலக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் மணல் தங்குகிறதா? மண்ணோடு கூட்டி அள்ளின தூள். நெடுநேரம் ஆகியும் பிரியவே இல்லையா? பசை சேர்த்திருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள். முகர்ந்தும் பாருங்கள். தச்சுப் பட்டறை வாசனை வந்தால் சரி. பெயிண்ட், பிளைவுட் பசை போல ஒரு காரமான நெடி வந்தால், எவ்வளவு மலிவானாலும் அடுப்பங்கரைக்குள் விடாதீர்கள். வர்ணம் பூசின பலகைத் தூளும் ஒட்டுப்பலகைத் தூளும் எரிந்தால் வருகிற புகை வேறு தினுசு விஷம்.

கடைசிப் பரீட்சை வீட்டில். ஒரு கிலோ நிறுத்துப் போட்டு எரித்து, நன்றாக ஆறினபின் சாம்பலை நிறுங்கள். பத்துப் பதினைந்து கிராம் என்றால் பிழைத்தீர்கள். ஐம்பது கிராம் என்றால் மல்லாட்டைத் தோல் போல ஏதோ சேர்ந்திருக்கிறது; தினம் துவாரத்தைச் சுத்தம் செய்கிற பொறுமை இருந்தால் வாங்கலாம். நூற்றைம்பது என்றால் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். முதலிலேயே நாலு மூட்டை எடுக்காமல் ஐந்து கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லையே!

இவ்வளவும் தேறி நல்ல சரக்காகவே வாங்கிவிட்டேன். அப்புறம் வந்தது ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த புயல் அது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் இரண்டு மூட்டையும் தரையில், சுவரோரமாகச் சாத்திவைத்திருந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. தரை ஓதம் காத்தது, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் குச்சியைக் காணோம், கூழ்! மிச்சம் டப்பாவில் இருந்ததை மூட்டலாமென்றால் மின்சாரம் இல்லை, காற்றாடி சுற்றவில்லை, அடுப்பு பழைய விறகடுப்பைவிட மோசமாகப் புகைந்தது. அன்று எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது, பரண்மேல் மாமியார் போட்டுவைத்திருந்த நாலு சவுக்குக் கட்டை.

சவுக்கை இந்தக் கரையோர ஊர்க்காரர்களிடம் குறைத்துப் பேச முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்றே கடலோர மணலில் சவுக்குத் தோப்புப் போட்டார்கள். நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும், ஈரம் முழுக்கக் காயாவிட்டாலும் பற்றும், சாம்பல் குறைவு. உலகத்து விறகுகளிலே முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். என் பாட்டி வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர வாளியின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் ரம்பத் தூளை இடித்து இடித்து நிரப்பி, பாட்டிலை மெல்ல உருவினால் நடுவே புகைபோக்கி மாதிரி ஒரு குழி விழும். கெட்டியாக இடித்தால் நெடுநேரம் கனியும். தளர இடித்தால் பாதியில் சரிந்து புகையும். இன்றைய பெல்லட் அந்த இடியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டது.

ஃபெஞ்சலுக்கு அப்புறம் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில்தான் சரக்கு. அதுவும் செங்கல்மேல் பலகை போட்டு, சுவரைத் தொடாமல். காற்றாடிக்குப் பாட்டரி வைத்த அடுப்பாக மாற்றிக்கொண்டேன். நீங்கள் புதிதாக வாங்குவதானால் இதை முதலிலேயே கேளுங்கள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி. நல்ல பெல்லட்டில் 4,000. காஸ் அடுப்பு நூற்றுக்கு 65 பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். காற்றாடி அடுப்பிடம் நம் இந்தியத் தர விதி கேட்பதே குறைந்தது 35 பங்குதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடு சுமார் 70 கிலோ பெல்லட். 19 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 95 கிலோ. உங்கள் சிலிண்டர் விலையை அந்த எண்ணால் வகுங்கள். வருகிற தொகைக்குக் கீழே, வண்டிக் கூலியும் சேர்த்து, பெல்லட் கிடைத்தால்தான் லாபம். வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் காஸே கட்டும், நான் ஒளிக்கவில்லை. கடைச் சிலிண்டர் வாங்குகிற என் போன்றவர்களுக்குத்தான் இது யோசிக்கத் தக்கது.

விலையைப் பற்றிப் பேசும்போது 'ஊர்ஜா' அடுப்பின் கதையை விட முடியாது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியைக் கொண்டு பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி 2006-இல் கொண்டுவந்தது அது. விவசாயக் கழிவில் செய்த பெல்லட், சின்னக் காற்றாடி, புகையில்லாத ஜ்வாலை. சுமார் நாலு லட்சம் அடுப்பு விற்றதாகக் கணக்கு. அப்புறம் கழிவுக்கே கிராக்கி வந்துவிட்டது. பெல்லட் விலை ஏறிற்று. 2009-இல் கம்பெனி கைமாறியது. வாங்கின வீடுகள் பலவற்றில் அடுப்பு பரணுக்குப் போயிற்று. அடுப்பில் குற்றமில்லை. தினம் போடக் குச்சி கட்டுப்படியாகவில்லை. ஆகவே அடுப்பு வாங்குமுன் பெல்லட் விற்கிற இடம் இரண்டாவது உங்கள் ஊருக்கு அருகில் உண்டா, ஆறு மாதமாக விலை எப்படிப் போயிற்று என்று விசாரியுங்கள். ஒரே ஒரு கடைதான் என்றால் அவசரப்படாதீர்கள்.

சமையல் புகையால் உலகத்தில் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் அகாலமாக மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. என் மாமியாரின் இருமல் புது அடுப்பு வந்ததும் போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை. இரவில் குறைந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. மழை நாளில் அடைத்த அறைக்குள் அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். எரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் குச்சியை அள்ளிக் கொட்டவும் வேண்டாம், குப்பென்று புகையும். ஒரு தடவை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். அதற்குள் எத்தனை ஈடு ஆகுமென்று பார்த்துக்கொண்டு மாவைப் பிசையுங்கள்.

என் சின்ன மாமியார் சென்ற மாதம் போனில் கேட்டார்: "உன் கிரானுலே எப்படி எரிகிறது?" நான் சாம்பல் கணக்கைச் சொன்னேன்: கிலோவுக்குப் பதினாலு கிராம். "எங்கள் பையில் ஏழு கிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்று சட்டம்" என்றார். பரண்மேல் இருக்கிற சவுக்குக் கட்டையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.