உங்களுக்குத் தெரியுமா? உழைப்பு வேறு, 2 சதவீதம் வேறு

இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் ஈட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு இது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை. கட்சி நன்கொடை கணக்கில் சேராது.

வேடிக்கை என்னவென்றால், ஊழியர்கள் ஏரியைச் சுத்தம் செய்தாலும், அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும், அந்த நேரத்துக்கு விலை போட்டு 2 சதவீதத்தில் கழிக்க முடியாது. இந்தப் பணியில் ஊழியர்களை ஈடுபடுத்தச் சொல்லும் மத்திய அரசின் விளக்கமே இதையும் சொல்கிறது. சரிதான், இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமை மரம் நடும் விழாவிலேயே பாதித் தொகை ‘செலவாகி’விடும்!