சுவரில் துளையிட நாமும் பழகலாம்

குர்ஆன் வைப்பதற்கென்று ஆசையோடு வாங்கிய சிறிய இறாக்கை. இரண்டு ஆணி அடித்து மாட்டியாயிற்று. ஒரு மாதம் போகவில்லை. பூச்சும் ஆணியும் சேர்ந்து பெயர்ந்து, இறாக்கை கீழே கிடக்கிறது. கணவரோ வெளிநாட்டில். “நாளைக்கு வாறன்” என்ற மேசன் பாஸ், இந்தச் சின்ன வேலைக்காக வருவதாயில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறதா?

குற்றம் ஆணியில் இல்லை. சுவரின் பூச்சு ஏறக்குறைய அரை அங்குலம்தான்; ஆணி அதை மட்டுமே பிடித்திருந்தது. உள்ளேயுள்ள கல்லில் துளையிட்டு, ரோல் பிளக் செருகி, அதில் ஸ்குரூ ஆணியை முறுக்கினால்தான் பாரம் தாங்கும். அதற்கு உதவுவது மின்சார ட்ரில்.

எதை வாங்குவது?

வீட்டு வேலைக்கு 500 முதல் 650 வொட் வரையிலான ட்ரில் போதும். சுவருக்கென்றால் ‘ஹேமர்’ வசதி கட்டாயம் வேண்டும். சுழலும்போதே தட்டிக்கொடுப்பதால் கல் எளிதாக உடைந்து வழிவிடும். விசையை அழுத்தும் அளவுக்கு வேகம் கூடிக் குறைவதும், திருப்பிச் சுழல்வதும் இருக்கட்டும். கடையிலேயே கையில் தூக்கிப் பாருங்கள். கை வலித்தால் அது உங்களுக்கானதல்ல. வருடத்துக்கு ஒரு துளைதான் என்றால் வாங்குவது வீண்செலவு. இரவல் வாங்கலாம், ஆனால் அது அமானிதம், துடைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

பிட் மூன்று வகை. சுவருக்கு, நுனியில் கடினமான உலோகத் துண்டு பதித்தது, மரத்துக்கு, நடுவில் கூர்முனை உள்ளது, இரும்புக்கு வேறு. மாற்றிப் பாவித்தால் பிட் பழுதாகும்.

துளையிடும் முறை

சுவிட்ச், பிளக் பொயின்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும், தண்ணீர்க் குழாய்க்கு நேரேயும் துளையிடாதீர்கள். உள்ளே வயரோ குழாயோ போகலாம்.

இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பிளக் 6 மி.மீ. என்றால் பிட்டும் 6 மி.மீ. ஆக வேண்டும். துளை பிளக்கின் நீளத்தைவிடச் சற்று ஆழமாக இருக்கட்டும். பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றிக்கொண்டால் அடையாளம் தெரியும். இரண்டு கைகளாலும் நேராகப் பிடித்து, மெதுவாகத் தொடங்கி, பிட் பதிந்ததும் ஹேமரைப் போடுங்கள். தூளை அகற்றிவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். டைல்ஸுக்கு ஹேமர் ஆகாது. டேப் ஒட்டி, அதற்குரிய பிட்டால், மெதுவாகத் துளையுங்கள்.

ஜன்னலுக்கு மேலே திரைச்சீலை மாட்டும்போது பிட் இறங்க மறுக்கலாம். அங்கே கொங்கிரீட் லின்டல் இருக்கும். பலம்கொண்டு அழுத்தாதீர்கள், அந்த வேலைக்குப் பாஸைத்தான் கூப்பிட வேண்டும்.

கவனம்! கவனம்!

ஹிஜாபின் ஓரம், முந்தானை, அபாயாவின் அகன்ற கை, இவற்றில் எது சுழலும் பிட்டில் சிக்கினாலும் ஆபத்துத்தான். இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், காப்பு, வளையல்களைக் கழற்றுங்கள். கையுறை வேண்டாம், அதுவும் சிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, காலுக்கு மூடிய சப்பாத்து அவசியம். ஈரக் கையோடு தொடாதீர்கள். பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றியே ஆகவேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

பக்கத்து வீட்டையும் நினையுங்கள். சுவர் பொதுவானதென்றால் சத்தம் அவர்களுக்கும்தான். ழுஹருக்குப் பின் கண்ணயரும் முதியவரும், தொட்டிலில் குழந்தையும் அங்கே இருக்கலாம். முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

முதல் துளையை, கண்ணில் படாத ஒரு மூலையில் இட்டுப் பழகுங்கள். நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சொந்த வீட்டு வேலையைச் செய்வதில் நமக்கு மட்டும் என்ன கூச்சம்? இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அந்த இறாக்கை விழாது.