ஹார்மோன் சிகிச்சை: அச்சமும் கணக்கும்

ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிலக்கு வராதிருந்தால், கடைசியாக வந்த மாதவிலக்கையே மெனோபாஸ் என்று மருத்துவம் பின்னோக்கிக் குறிக்கிறது. இந்த எல்லைக்கோடு மேலைநாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ 51 வயதிலும், இந்தியப் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக 46, 47 வயதையொட்டியும் அமைகிறது. ஆயினும் உடல்நலத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாதவிடாயின் ஒழுங்கு குலையத் தொடங்குவதிலிருந்து, அது நின்று ஓராண்டு நிறைவடையும் வரை நீளும் இடைக்காலம் பெரிமெனோபாஸ் எனப்படுகிறது. சராசரியாக நான்கு ஆண்டுகளும், சிலருக்கு எட்டு முதல் பத்து ஆண்டுகளும் நீடிக்கும் இக்காலத்தில் ஒரு பெண் மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே அது நிற்பதற்கான அறிகுறிகளையும் அனுபவிக்கிறாள் என்பதால், நோய் என்னவென்று அவளுக்கும் விளங்குவதில்லை. பல நேரங்களில் மருத்துவருக்கும் விளங்குவதில்லை.

இதன் வேர் சினைப்பையில் உள்ளது. பெண் சிசு தாயின் கருவில் இருபது வார வளர்ச்சியில் இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முதிராக் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகவும், பூப்பெய்தும் வயதில் 3 முதல் 4 லட்சமாகவும் குறைந்துவிடுகின்றன. வாழ்நாளில் வெளியேறிச் செல்லும் முட்டைகள் நானூறு அல்லது ஐந்நூறு மட்டுமே. மீதமுள்ளவை தாமாகவே சிதைந்து மறைகின்றன. நாற்பதுகளில் இக்கையிருப்பு மிகவும் சுருங்கும்போது, முட்டையைச் சூழ்ந்துள்ள நுண்பைகள் சுரக்கும் இன்ஹிபின் என்னும் புரதம் குறைகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைத்திருந்த அந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததும், சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அச்சுரப்பி கூடுதலாக அனுப்பத் தொடங்குகிறது.

ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைந்துவரும் காலம் என்று பெரிமெனோபாஸை விளக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மைகூட இல்லை. அதிகப்படியான தூண்டுதலுக்கு எஞ்சியுள்ள நுண்பைகள் சில மாதங்களில் மிகையாக எதிர்வினையாற்றுவதால், ஈஸ்ட்ரோஜன் இளம்வயதில் இருந்ததைவிடவும் உயர்ந்து, அடுத்த மாதமே சரிந்துவிடக்கூடும். உறுதியாகக் குறைவது முதலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான். முட்டை வெளியேறாத மாதங்களில் அது சுரப்பதில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு ஹார்மோன் இரத்தப் பரிசோதனைகளால் பெரிய பயன் இல்லை என்பதற்கும் இந்த ஏற்ற இறக்கமே காரணம்: இன்று எடுத்த அளவு அடுத்த வாரம் பொருந்தாது. பிரிட்டனின் தேசிய மருத்துவ நெறிமுறை அமைப்பான நைஸ் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இவ்வயதினருக்கு அறிகுறிகளைக் கேட்டறிந்தே முடிவுக்கு வரலாம் என்கிறது. தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகளின் நிலை வேறு. களைப்பு, படபடப்பு, முடி உதிர்தல், எடைக்கூடுதல் ஆகியவற்றைத் தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் அப்படியே போலச் செய்வதால், அவற்றைப் பார்த்துவிடுவது அவசியம்.

புரோஜெஸ்டிரோனின் தடை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தூண்டும்போது கருப்பையின் உட்படலம் தடித்து வளர்ந்து, பின்னர் ஒழுங்கற்றும் மிகுதியாகவும் உதிர்கிறது. இந்தியாவில் இது சாதாரண விஷயமன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் ஏற்கெனவே இரத்தசோகை உடையவர்கள். இந்நிலையில் மிகுந்த உதிரப்போக்குடன் வருவோருக்குக் கிடைக்கும் ஆலோசனை, ‘குழந்தைதான் பிறந்துவிட்டதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்பதாகவே பல இடங்களில் இருக்கிறது. நாற்பத்தைந்தைக் கடந்த பெண்ணுக்கு மிகுந்த உதிரப்போக்கு நீடித்தால் ஸ்கேனும், தேவைப்பட்டால் உட்படலத் திசுப் பரிசோதனையும் செய்து புற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் டிரானெக்சாமிக் அமில மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தப்பட்டுச் சிறுகச் சிறுக லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனை வெளியிடும் சாதனம் போன்ற வழிகள் உள்ளன. சில ஆண்டுகளில் தானே அடங்கப்போகும் தொல்லைக்கு அறுவை சிகிச்சையை முதல் விடையாக முன்வைப்பது நல்ல மருத்துவம் ஆகாது.

அறிகுறிகளில் பெயர்பெற்றது ஹாட் ஃபிளாஷ் எனப்படும் திடீர் வெம்மை: மார்பிலிருந்து முகம் நோக்கிச் சூடு குப்பென்று பரவி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் குளிர் நடுக்கத்தோடு அடங்குவது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உடல் வெப்பத்தை ஒரு சிறிய இடைவெளிக்குள் வைத்துக் காக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை உடல் வியர்ப்பதும் இல்லை, நடுங்குவதும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபிரீட்மேன், திடீர் வெம்மையால் அவதிப்படும் பெண்களிடம் இந்த இடைவெளி பெரிதும் குறுகியிருப்பதைக் காட்டினார். அதனால் மிகச் சிறிய வெப்ப உயர்வும் பெருவெயிலில் நிற்பது போன்ற எதிர்வினையைக் கிளப்பிவிடுகிறது. இடைவெளி ஏன் குறுகுகிறது என்பதற்கான தடயம் அரிசோனா பல்கலைக்கழக நரம்பியல் நோயியலாளர் நவோமி ரான்ஸின் ஆய்வில் கிடைத்தது. மெனோபாஸைக் கடந்து இறந்த பெண்களின் ஹைப்போதலாமஸில், நியூரோகைனின் பி என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் பருத்திருந்ததை அவர் கண்டார். ஈஸ்ட்ரோஜன் அடக்கிவைக்கும் அந்நரம்பணுக்கள், அது விலகியதும் கட்டுமீறி, வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டுகின்றன.

சில மாதங்கள் பொறுத்துக்கொண்டால் போதும் என்ற அறிவுரைக்கும் சான்று துணைநிற்கவில்லை. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்வான்’ நெடுநாள் ஆய்வு 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி வரும் வெம்மையும் இரவு வியர்வையும் பாதிப் பெண்களுக்கு 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன. மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே அவை தொடங்கியவர்களுக்கு 11 ஆண்டுகளையும் தாண்டின. ஜப்பானிய வம்சாவளிப் பெண்களுக்கு இது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், கறுப்பினப் பெண்களுக்குப் பத்து ஆண்டுகள். அவ்வாய்வில் சேர்க்கப்பட்ட ஐந்து இனக்குழுக்களில் தெற்காசியர் இல்லை என்பதையும் இங்குக் குறித்தாக வேண்டும். இரவு வியர்வை உறக்கத்தைக் கலைக்க, உறக்கமின்மை மறதியையும் எரிச்சலையும் மனச்சோர்வையும் வளர்க்க, மூட்டுவலியும் பிறப்புறுப்பு வறட்சியும் சேர்ந்துகொள்ள, ஒரு பெண் தனித்தனி நோய்களுக்காகத் தனித்தனி மருத்துவர்களிடம் அலைவது வழக்கமாகிவிட்டது.

இத்தொல்லைகளுக்கு, குறிப்பாகத் திடீர் வெம்மைக்கு, இன்றும் மிகுந்த பயன் தருவது ஹார்மோன் மாற்று சிகிச்சையே. உடலில் குறையும் ஈஸ்ட்ரோஜனைச் சிறு அளவில் வெளியிலிருந்து தருவதும், கருப்பை உள்ளவர்களுக்கு அதன் உட்படலத்தைக் காக்கப் புரோஜெஸ்டிரோனையோ அதையொத்த செயற்கை மருந்தையோ சேர்த்துத் தருவதும் இதன் அடிப்படை. இச்சிகிச்சையின் வரலாறு மிகை நம்பிக்கைக்கும் மிகை அச்சத்திற்கும் இடையே ஊசலாடியது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நியூயார்க் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966-இல் எழுதிய நூல், மெனோபாஸைக் குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, என்றும் இளமையை வாக்களித்தது. அவருடைய பணிகளுக்கு மருந்து நிறுவனங்களின் பணம் சென்றது பின்னாளில் தெரியவந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டவர்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது என்று 1975-இல் ஆய்வுகள் காட்டிய பின்னரே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்க்கும் முறை நிலைபெற்றது.

அச்சத்தின் காலம் 2002 ஜூலையில் தொடங்கியது. அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனம் நடத்திய ‘பெண்கள் நலத் திட்டம்’ என்னும் மாபெரும் சோதனையில், கருப்பை உள்ள 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் கலந்த மாத்திரையோ, மருந்தில்லாப் போலி மாத்திரையோ தரப்பட்டது. ஐந்தாண்டுகள் கடந்த நிலையில், தீங்கு நன்மையை மிஞ்சுகிறது என்று அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி உலகெங்கும் தலைப்பானது. மருந்துச் சீட்டுகள் சரிந்தன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் இச்சிகிச்சையை எழுதவே தயங்கினர்.

அந்த 26 சதவீதத்தை ஆட்களின் எண்ணிக்கையில் பார்த்தால் படம் மாறுகிறது. பத்தாயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால், போலி மாத்திரை உண்டவர்களில் 30 பேருக்கும், ஹார்மோன் உண்டவர்களில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் கண்டது. பக்கவாதமும் நுரையீரல் இரத்த உறைவும் தலா எட்டுப் பேருக்கும், மாரடைப்பு வகை இதயநோய் ஏழு பேருக்கும் கூடின. பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும், இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்கும் குறைந்தன. மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை. 18 ஆண்டுத் தொடர் கண்காணிப்புக்குப் பின் 2017-இல் வெளியான கணக்கும் அதையே சொன்னது. எட்டுப் பேர் என்பது புறக்கணிக்கத்தக்க எண்ணிக்கை என்பது இதன் பொருளன்று. சதவீதத்தை மட்டும் கேட்டவர் ஒரு முடிவுக்கும், எண்ணிக்கையைக் கேட்டவர் வேறொரு முடிவுக்கும் வரக்கூடும் என்பதால் இரண்டையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

இதைவிடப் பெரிய சிக்கல் வயதைப் பற்றியது. அச்சோதனையில் சேர்ந்தோரின் சராசரி வயது 63; மூன்றில் இரு பங்கினர் அறுபதைக் கடந்தவர்கள். மெனோபாஸ் தொல்லைகளைத் தீர்ப்பது சோதனையின் நோக்கமும் அன்று. முதுமையில் இதயநோயைத் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. ஏற்கெனவே கொழுப்பு படிந்து தடித்த இரத்தக்குழாய்களில் ஈஸ்ட்ரோஜன் செய்வதையும், நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணின் குழாய்களில் அது செய்வதையும் ஒன்றாகக் கொள்ள முடியாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்ற 10,739 பெண்கள் அடங்கிய இன்னொரு பிரிவு, பக்கவாதம் கூடியதால் 2004-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் சோதனை தொடங்கியதிலிருந்து இருபதாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2020-இல் பார்த்தபோது, அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் போலி மாத்திரைக் குழுவைவிடக் குறைவாகவே இருந்தது. முதல் செய்திக்குக் கிடைத்த அளவு இடத்தை நாளிதழ்கள் இதற்குத் தரவில்லை எனலாம்.

எதிர்த்திசைச் சான்றையும் மறைக்கலாகாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் இதழ் வெளியிட்ட பகுப்பாய்வு, 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் கலவை மருந்தைத் தினமும் எடுப்போரில் ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில், அடுத்த இருபதாண்டுகளில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும் என்று மதிப்பிட்டது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்போரில் அது இருநூறில் ஒருவர். சோதனையின் முடிவோடு இக்கடைசி மதிப்பீடு முரண்படுகிறது; ஒன்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை, மற்றது இயல்பாக மருந்து உண்டவர்களைக் கவனித்த ஆய்வு என்பதால், வல்லுநர்கள் இன்றும் இதில் ஒருமனப்படவில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டு வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-இல் வெளியிட்ட நிலைப்பாடு, அறுபது வயதுக்குட்பட்டவர்களுக்கும் மெனோபாஸ் அடைந்து பத்தாண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கும், தொல்லை மிகுந்து தடையேதும் இல்லாத நிலையில், நன்மை தீங்கைவிட மிகுதி என்கிறது. இம்மருந்துகளின் உறைகளில் இருந்த இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதை ஹார்மோன் எல்லோருக்கும் ஏற்றது என்று படிப்பது, 2002-ஆம் ஆண்டின் பிழையை மறுபக்கமாகச் செய்வதாகும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கால் அல்லது நுரையீரல் இரத்த உறைவு ஆகியவை வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், காரணம் அறியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் பொதுவாக இது தரப்படுவதில்லை. இதயத்தைக் காக்கவோ மறதியைத் தடுக்கவோ இதைத் தொடங்குவதற்கும் போதிய சான்று இல்லை.

தேர்வு மருந்தின் வடிவத்தையும் பொறுத்தது. மாத்திரையாக உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் சென்று இரத்தம் உறையும் காரணிகளைத் தூண்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் அவ்வழியைத் தவிர்ப்பதால், கவனிப்பு ஆய்வுகளில் உறைவு அபாயத்தைக் கூட்டவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடல் பருமனும் நாற்பதுகளிலேயே பரவலாகக் காணப்படும் தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு பெரிது. பிறப்புறுப்பு வறட்சியும் சிறுநீர் எரிச்சலும் மட்டுமே தொல்லையானால், அவ்விடத்தில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பே போதும். ஹார்மோன் மாற்று சிகிச்சை கருத்தடை ஆகாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மாதவிடாய் தாறுமாறாக வரும் காலத்திலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு.

ஹார்மோனை விரும்பாதவர்களுக்கும் கூடாதவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. குறைந்த அளவு மனச்சோர்வு மருந்துகள் சில, கபாபென்டின், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை ஆகியவை திடீர் வெம்மையை ஓரளவு தணிக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் உண்பவர்கள் மட்டும், அதன் செயலைக் குலைக்கும் பராக்சிடின் என்னும் மனச்சோர்வு மருந்தைத் தவிர்க்க வேண்டும். ரான்ஸ் சுட்டிக்காட்டிய நியூரோகைனின் வழியையே அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்னும் மருந்து 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டே அதற்குக் கல்லீரல் பாதிப்பு எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சோயா, மூலிகை மாத்திரைகள் பற்றிய விளம்பரங்களுக்கு இணையான சான்று இல்லை. எடையைத் தூக்கிச் செய்யும் உடற்பயிற்சி வெம்மையைக் குறைக்காவிடினும், மெனோபாஸையொட்டிய ஆண்டுகளில் வேகமாகத் தேயும் எலும்புக்கு அது தேவை.

கருப்பையோடு சினைப்பைகளையும் முப்பதுகளிலேயே இழந்த பெண்களின் நிலை இவையனைத்திலிருந்தும் வேறுபட்டது. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகிறது. எலும்புத் தேய்வும் இதயநோயும் முந்தி வரும் வாய்ப்பு கூடுகிறது. தடையேதும் இல்லாவிட்டால் இயல்பான மெனோபாஸ் வயதுவரை ஹார்மோன் தருவதே பரிந்துரை. 2002-இல் அச்சமூட்டிய புள்ளிவிவரங்கள் இவர்களுக்குப் பொருந்தவே மாட்டா. இருந்தும், அறுவை சிகிச்சையின்போது சினைப்பைகள் எடுக்கப்பட்டனவா இல்லையா என்பதையே அறியாத பெண்கள் இங்கு இருக்கிறார்கள். கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடியெடுத்து, அந்த ஒரு விவரத்தை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.