இரண்டு எஞ்சின் இருந்தும் ஏன் விழுந்தது?

1998 ஜூலை 30 அன்று கொச்சியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு குட்டி விமானம் கிளம்பியது. லட்சத்தீவின் அகத்தியிலிருந்து வந்து, கொச்சியில் இறங்கி, மறுபடி புறப்பட்ட விமானம் அது. அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் டோர்னியர் 228. உள்ளே 3 பயணிகள், 3 பணியாளர்கள். நெடும்பாசேரி விமான நிலையம் அப்போது திறக்கப்படவில்லை. வில்லிங்டன் தீவில் இருக்கும் கடற்படைத் தளத்தில்தான் பயணிகள் விமானங்களும் இறங்கி ஏறின.

ஓடுதளத்தை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்கிக்கொண்டது. விமானிகளால் அதை அடக்க முடியவில்லை. வேகம் குறைந்து, தடுமாறி, பக்கத்திலேயே இருந்த கடற்படை விமானப் பட்டறையின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 6 பேரும் தரையில் இருந்த 3 பேரும் இறந்துபோனார்கள்.

அந்த விமானம் வந்து சேர வேண்டிய ஊர் நமக்குப் பக்கம். திருவனந்தபுரம் ஓடுதளத்தைத் தென்கிழக்காக ஒரு கோடு போட்டு நீட்டினால், ஏறக்குறைய நம் பொழியூர்க் கடற்கரை மேலேயே அந்தக் கோடு வரும். வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். தெற்கிலிருந்து இறங்க வரும் விமானங்கள் நம் தலைக்கு மேல் வரிசை பிடிப்பது அதனால்தான். டோர்னியரும் இந்தக் கரைக்குப் புதிது இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர்களைத் தேடிப் பறந்த கடற்படை, கடலோரக் காவல்படை விமானங்களில் டோர்னியரும் உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜெர்மனியில் வடிவமைத்த இந்த 19 இருக்கை விமானத்தை நம் நாட்டில் கான்பூரில் எச்.ஏ.எல். நிறுவனம் செய்கிறது. இறக்கை மேலே இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், இரண்டு புரொப்பெல்லர்.

சரி, கொச்சியில் எந்த எஞ்சின் நின்றது? விபத்து என்றதும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. விசாரித்தவர்கள் தேடிப் போனபோது குற்றம் எஞ்சினில் இல்லை, வாலில் இருந்தது.

விமானத்தின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் வால் ஒன்று, படுத்திருக்கும் வால் ஒன்று இருக்கும். படுத்திருக்கும் வால்தான் மூக்கு எவ்வளவு மேலே போகலாம், எவ்வளவு கீழே வரலாம் என்று முடிவு செய்கிறது. டோர்னியரில் அந்த வாலின் கோணத்தையே விமானி லேசாக மாற்றலாம். மாற்றித் தரும் கருவியை ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருக்கும். கொச்சி விமானத்தில் அந்தத் தாங்கி ஒரு பக்கம் கழன்றுவிட்டது. காரணம், அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஆணிகள் சில போடப்படவே இல்லை. பராமரிப்பு வேலை மோசமாக நடந்திருக்கிறது என்று விசாரணை அறிக்கை சொன்னது. விரல் நீளம்கூட இல்லாத ஆணிகள்!

வால் தன் இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய நோட்டுத் தாளில் ஒரு காகித விமானம் மடியுங்கள். முதலில் அப்படியே வீசுங்கள், நேராகப் போகும். பிறகு பின் விளிம்பை இரண்டு பக்கமும் நன்றாக மேலே மடக்கிவிட்டு வீசுங்கள். மூக்கு ஜிவ்வென்று மேலே ஏறும், ஓர் இடத்தில் திகைத்து நிற்கும், பிறகு சொத்தென்று விழும். மடக்கிய விளிம்பில் மோதும் காற்று வாலைக் கீழே அமுக்குகிறது, அதனால் மூக்கு எழும்புகிறது. மூக்கு அளவுக்கு மேல் எழும்பினால் இறக்கையின் மேல்புறத்தில் காற்று ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்புறம் தூக்கும் விசை கிடைக்காது. விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தாலும் ஸ்டால் ஸ்டால்தான். உயரத்தில் நடந்தால் மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடித்துத் தப்பலாம். கிளம்பிய உடனே நடந்தால் அதற்கு உயரம் கிடையாது.

அப்படியானால் இரண்டு எஞ்சின் எதற்கு? ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்பதற்காகத்தான். ஆனால் இரண்டு எஞ்சின் என்றால் இரட்டைப் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டால் அது தப்பு.

நம் வள்ளங்களையே பாருங்கள். பின்னால் இரண்டு எஞ்சின் மாட்டி ஓடும் வள்ளத்தில் இடது எஞ்சின் நின்றுபோனால், வள்ளம் நேராகப் போகாது. வலது எஞ்சின் தள்ளத் தள்ள, முன்பக்கம் இடது பக்கமாகத் திரும்பும். எஞ்சினைப் பிடித்திருப்பவர் அதைச் சாய்த்துச் சரிசெய்வார். முடியாவிட்டால் வேகத்தைக் குறைப்பார். வள்ளம் மிதந்துகொண்டு நிற்கும். விமானத்திலும் இதே திருப்பம் வருகிறது. எஞ்சின்கள் இறக்கையில் தள்ளித் தள்ளி இருப்பதால் இன்னும் பலமாகவே வருகிறது. ஆனால் விமானம் நின்றுகொண்டு மிதக்காது.

திரும்புவதைத் தடுக்க, நிமிர்ந்து நிற்கும் வாலில் உள்ள சுக்கானை விமானி காலால் மிதிக்கிறார். சுக்கானுக்குப் பலம் தருவது அதன் மேல் மோதும் காற்று. வேகம் பாதியானால் அந்தப் பலம் பாதி ஆகாது, நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால், சுக்கானை எவ்வளவு மிதித்தாலும் ஓடுகிற எஞ்சினின் தள்ளலை அடக்க முடியாது. விமானம் நின்ற எஞ்சின் பக்கமாகத் திரும்பி, அதே பக்கமாகக் கவிழ்ந்துவிடும். இரட்டை எஞ்சின் குட்டி விமானங்களின் வேகமானியில் இந்த வேகத்தை ஒரு சிவப்புக் கோடு காட்டும். அதற்கு மேலே ஒரு நீலக் கோடு. ஒற்றை எஞ்சினில் வேகமாக மேலே ஏற வேண்டுமானால் பிடிக்க வேண்டிய வேகம் அது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு எஞ்சின் நின்றால் பாதிச் சக்தி போனது, பாதி வேகத்தில் மேலே ஏறலாம் என்றுதானே நினைப்போம்? ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு எஞ்சினும் சேர்ந்து 100 பங்கு சக்தி தருகின்றன என்று வையுங்கள். விழாமல் ஒரே உயரத்தில் பறக்க மட்டும் 40 பங்கு வேண்டும் என்றால், மேலே ஏற மிஞ்சுவது 60. இப்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டது. இருப்பது 50. பறக்க வேண்டியது அதே 40. மேலே ஏற மிஞ்சுவது வெறும் 10! எஞ்சின் போனது பாதி. ஏறும் சக்தி போனதோ ஆறில் ஐந்து பங்கு. எண்கள் விமானத்துக்கு விமானம் மாறும், கதை இதுதான்.

அந்த 10 பங்கையும் தின்ன ஒன்று காத்திருக்கிறது: நின்றுபோன புரொப்பெல்லர். அதன் அலகுகள் காற்றுக்கு முகம் காட்டி அகலமாக நின்றால் பெரிய தடையாகிவிடும். அதனால் அலகுகளின் விளிம்பு மட்டும் காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிடுவார்கள். இதற்கு ஃபெதர் செய்வது என்று பெயர். பல விமானங்களில் இது தானாகவே நடக்கும்.

விமானி முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, நின்றது எந்த எஞ்சின் என்பது. கேட்க எளிது. அலாரம் அலறும்போது, தரை கண்ணெதிரே நெருங்கும்போது அவ்வளவு எளிதல்ல. கால்களை வைத்து ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள். விமானம் இடது பக்கம் இழுக்கிறது, வலது காலால் மிதிக்கிறீர்கள். அப்போது எந்தக் கால் சும்மா இருக்கிறது? இடது கால். அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது. பிறகும் அவசரப்படாமல், அந்த எஞ்சினின் நெம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்தான் அணைக்க வேண்டும்.

2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபே நகரில் இதுதான் தவறிப்போனது. டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம், டோர்னியரைவிடப் பெரியது, 58 பேருடன் கிளம்பியது. ஒரு மின்னணுப் பெட்டியில் பற்றவைத்த இடம் ஒன்று விட்டுப்போய், வலது புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகிவிட்டது. விமானி குறைத்ததோ இடது எஞ்சினை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே நிறுத்திவிட்டார்கள். தவறு புரிந்து மறுபடி ஓட்டுவதற்குள் விமானம் ஒரு மேம்பாலத்தை உரசி ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

நேபாளத்தின் பொக்காராவில் நடந்தது அதைவிட விசித்திரம். 2023 ஜனவரி 15 அன்று எட்டி ஏர்லைன்ஸின் ஏ.டி.ஆர். 72 இறங்க வந்துகொண்டிருந்தது. இரண்டு எஞ்சினுக்கும் ஒரு நோயும் இல்லை. இறக்கையின் பின்பகுதியை இறக்கும் நெம்புக்குப் பதிலாக, பக்கத்திலிருந்த வேறு நெம்புகளை நகர்த்திவிட்டதால் இரண்டு புரொப்பெல்லரும் ஒரே நேரத்தில் ஃபெதர் ஆகின. எஞ்சின் ஓடுகிறது, தள்ளுவதற்கு ஆள் இல்லை! விமானத்தில் இருந்த 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த நெம்புகளுக்கு வடிவம் வேறு வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் பழகிய கை சில சமயம் பார்க்காமலே நீளும். கை வைத்ததைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, பிறகே நகர்த்து என்று விமானிகளுக்குப் பாடம் நடத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

எரிபொருளில் தண்ணீர் கலந்தால் இரண்டு எஞ்சினும் சேர்ந்தே நிற்கலாம். குட்டி விமானத்தின் விமானி கிளம்பும் முன் இறக்கைக்கு அடியில் குனிந்து, தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடி போன்ற குப்பியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கனமானது, அடியில் உருண்டு நிற்கும். பெட்ரோல் எஞ்சினுக்கான விமான எரிபொருளுக்கு நீல நிறம் சேர்த்திருப்பதால் நிறமில்லாத தண்ணீர் பளிச்சென்று தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாலில் ஆணி போடாத மாதிரித் தவறுகளைப் பிடிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வால், சுக்கான், அவற்றை இழுக்கும் கம்பி என்று விமானத்தைக் கட்டுப்படுத்தும் எதில் கை வைத்தாலும், செய்தவர் கையெழுத்து மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்யாத இன்னொருவர் தனியாக வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பட்டறைச் சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து, அதன் மேல் அந்தக் கருவியை மாட்டி வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஏதாவது ஓர் உருவம் காலியாகத் தெரிந்தால் அந்தக் கருவி கிடைக்கும் வரை விமானத்தை வெளியே விடமாட்டார்கள்.

விழுந்த விமானத்திடமிருந்து உண்மையைக் கறப்பது தனி வித்தை. புரொப்பெல்லர் அலகுகள் எப்படி வளைந்திருக்கின்றன என்று முதலில் பார்ப்பார்கள். சக்தியோடு சுழன்றபடி தரையில் மோதிய அலகு முறுக்கிக்கொண்டு, நுனி முன்பக்கமாகச் சுருண்டிருக்கும். சக்தியில்லாமல் மோதிய அலகு பெரும்பாலும் பின்பக்கமாக மடங்கிக் கிடக்கும். ஒரு விமானத்தின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருந்தால், எந்த எஞ்சின் உழைத்தது, எது சும்மா இருந்தது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆனால் அதற்கு விமானம் கையில் கிடைக்க வேண்டும். 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து காவல் பணிக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று, 3 பேருடன் இரவில் சிதம்பரம் கடற்கரைக்கு அப்பால் காணாமல் போனது. கப்பல்கள், விமானங்கள் என்று வாரக்கணக்கில் தேடினார்கள். கருப்புப் பெட்டியோடு ஓர் ஒலிக்கருவி இருக்கும். தண்ணீரில் நனைந்ததும் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது நொடிக்கு ஒருமுறை எழுப்பும். அந்த ஒலியை ஜூலை முதல் வாரத்தில் சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் பிடித்தது. ஜூலை 10 அன்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் விமானத்தின் பாகங்களையும் கருப்புப் பெட்டியையும் கண்டெடுத்தார்கள். அந்தக் காலத்து ஒலிக்கருவியின் பேட்டரி தாங்குவது 30 நாள். இன்னும் சில நாள் பிந்தியிருந்தால் கடலில் தேடியவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது. இப்போது பெரிய விமானங்களில் 90 நாள் ஒலிக்கும் கருவியை வைக்கிறார்கள்.