தாயம் விழ எத்தனை வாய்ப்பு?

தாயக்கட்டை உருட்டிய வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: தாயம் விழாமல் காய் இறங்காது. மற்றவர்கள் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் கட்டைகளை உள்ளங்கையில் உரசி உரசி உருட்டிக்கொண்டே இருப்பார். மூன்று விழும், நான்கு விழும், தாயம் விழாது. அவருடைய ராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கணக்கே அப்படித்தான்.

கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. ஆக 16 விதமாக விழலாம். தாயம் என்றால் ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி, இன்னொன்றில் வெறுமை. எந்தக் கட்டையில் எது என்று பார்த்தால் இரண்டே வழி. 16-க்கு 2, அதாவது எட்டில் ஒன்று. மூன்று விழவோ நான்கு வழி இருக்கிறது. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழி.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் நிகழ்தகவில் தடுக்கி விழும் இடமும் இதுவே. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் அது எட்டாவது அலகு, கடைசி அலகு. இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 7 வர நிகழ்தகவு என்ன? “2 முதல் 12 வரை பதினொரு விடைகள், அதில் 7 ஒன்று, எனவே 11-இல் 1” என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பதினொன்றும் சம வாய்ப்பு உடையவை அல்ல. 2 வர ஒரே வழி, 7 வர ஆறு வழி. மொத்தம் 36 என்பதால் சரியான விடை ஆறில் ஒன்று.

இப்படித் தவறும் பிள்ளையை மக்கு என்று சொல்லவே கூடாது. பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் இதே குழியில் விழுந்தவர். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754-இல் கலைக்களஞ்சியத்திலேயே எழுதினார். முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அதை ஒரே நிகழ்வாக எண்ணலாம் என்பது அவர் வாதம். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கையும் எழுதினால் விடை நான்கில் மூன்று.

எனவே சூத்திரத்துக்கு முன்னால் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஒரு பகடை சிவப்பு, ஒன்று நீலம் என்று வைத்து, 36 கட்டங்களையும் மாணவரே ஒரு முறை நிரப்பட்டும். (3,4) வேறு, (4,3) வேறு என்பது அப்போதுதான் உறைக்கும். மர வரைபடத்தின் கிளைகளும் அதன் பிறகு தானாகப் புரியும். லீப் ஆண்டில் 53 சனிக்கிழமைகள் வரும் கேள்வியும் இதே ரகம்தான். 52 வாரம் போக மிஞ்சும் இரண்டு நாட்கள் எவை? ஞாயிறு-திங்கள் தொடங்கி ஏழு ஜோடிகளையும் எழுதினால், சனி இரண்டில் இருக்கிறது. விடை ஏழில் இரண்டு.

உருமாற்றக் கணக்குகளிலும் கையை விட்டுவிட்டு மனப்பாடத்தைப் பிடிப்பதுதான் சிக்கல். ‘ஆதியைப் பொறுத்து இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றினால் (x, y) என்பது (-y, x) ஆகும்’ என்ற விதி நினைவில் நிற்கும், மையம் மறந்துபோகும். (3,1) என்ற புள்ளியை ஆதியைச் சுற்றித் திருப்பினால் (-1,3). மையம் (1,1) என்று கேட்டால் விடை (1,3). விதியை மட்டும் நம்பியவர் இரண்டுக்கும் (-1,3) என்றே எழுதுவார்.

வாசலில் கோலம் போடும் பெண்ணுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. ஒரு மூலையில் வளைவை முடித்தவர், சுற்றி வந்து அடுத்த மூலையில் அதே வளைவை இடுகிறார். நடுப்புள்ளி கண்ணைவிட்டு அகலுவதே இல்லை, அதுதான் சுழற்சி மையம். வகுப்பில் இதற்கு ஒரு ட்ரேசிங் பேப்பர் போதும். உருவத்தை அதில் நகலெடுத்து, பென்சில் முனையை மையத்தில் ஊன்றி, தாளைக் கால் சுற்று திருப்ப வேண்டும். எதிரொளிப்பு என்றால் கோட்டின் மேல் தாளை மடித்துப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வறையில் இந்தத் தாளுக்கு அனுமதியே உண்டு. அது கிடைக்காத இடத்தில், ஆதியே மையமாக இருந்தால், வரைபடத்தாளையே இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிவைத்து, புள்ளி இப்போது எங்கே நிற்கிறது என்று புதிதாகப் படித்துக்கொள்ளலாம். (3,1) அப்போது இடப்பக்கம் ஒன்று, மேலே மூன்று என்று நிற்கும்.