ஏடும் கோவையும்

பல்கலைக்கழக ஆசிரியர் யாது செய்கின்றார் எனச் சல்லிக் கரையிலே ஒரு மீனவத் தந்தையை வினவினால், "படிப்பிக்கிறார், புத்தகம் எழுதுகிறார்" என்பார். அவ்வூருக்கு அண்மையில், கோணேசபுரியிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001 முதல் இயங்கி வருகின்றது. அங்கேயாயினும் பிறிதோரிடத்தேயாயினும் துறைத்தலைவர் ஒருவரின் மேசையைக் கண்டோர், அவ்விடை பாதியே என்பதை உணர்வர். பெறுபேற்றுப் பட்டியல், பீடச் சபைக் கூட்டறிக்கை, மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றுநிருபம், தரமதிப்பீட்டு அறிக்கை எனக் கோவைகள் குவிந்து கிடக்க, அரைகுறையாய் எழுதிய ஆய்வுக்கட்டுரை அவற்றின் அடியிலே உறங்கும்.

இவற்றை வெறுங் கடதாசி என இகழ்தல் நேர்மையன்று. பெறுபேறு ஒரு மாதம் பிந்துமாயின், அம்மீனவரின் மகன் விண்ணப்பிக்கவிருந்த உத்தியோகம் கைநழுவிப் போகலாம். கட்டுரை பிந்தினால் எவரும் வாயிலில் வந்து நிற்பதில்லை. ஆகையால் எப்பொழுதும் கட்டுரையே பிந்துகின்றது.

இதற்கு விடை தேட நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. 1925இல் இராமகிருஷ்ண சங்கம் நம் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது அதனை நடத்திய சுவாமி விபுலாநந்த அடிகளார், புலமையையும் நிருவாகத்தையும் ஒருங்கே தாங்கினார் என்று மேடைதோறும் கேட்கின்றோம். ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கினால் செய்தி சற்றே வேறாகத் தோன்றுகின்றது. 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யின் பொருள் அடிகளார் இங்கு வருமுன்னரே ஆராய்ந்தது. பின்னர்ப் பாடசாலைப் பணி. 1929இல் மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1933இல் அப்பதவியையும் துறந்தார். இமயச் சாரலில் மாயாவதியிலே பத்திரிகாசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். இரண்டையும் ஒரே பொழுதில் சமன்செய்தார் என்பதினும், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறி மாறிச் சென்றார் என்பதே பொருந்தும். பதினான்கு ஆண்டுகள் உழைத்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களிலே அடிகளார் மறைந்தார். அகவை ஐம்பத்தைந்து. இன்னும் சில மாதங்கள் அந்நூல் தள்ளிப்போயிருந்தால்? நாம் அதனை எண்ண விரும்பவில்லை.

அடிகளார் தாமே அமைத்துக்கொண்ட இம்மாறுதலை, நம் காலத்தவர்க்குச் சட்டம் ஓரளவு அமைத்துத் தந்துள்ளது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பீடாதிபதியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஏழாண்டுச் சேவையின் பின் ஓராண்டு ஆய்வு விடுமுறையும் உண்டு. ஆனால் ஆளில்லாத சிறு துறைகளிலே பொறுப்பு அதே தோள்களுக்கே திரும்பி வருகின்றது. விடுமுறையும் 'அடுத்த வருடம்' என ஒத்திப்போடப்படுகின்றது. கலாநிதிப் பட்டம் முடியாத இளம் விரிவுரையாளர்மீது இணைப்பாளர் பதவிகளைச் சுமத்துவது இவற்றினும் கொடிது. அவர்க்குத் துறப்பதற்கு முன்னே ஒரு நூலும் இராது. மூத்தோர் அக்கோவைகளைச் சில ஆண்டுகள் தம்மிடமே வைத்திருப்பாராக. வேலை ஓய்ந்த எழுதுவினைஞர் ஒருவரைப் பீடத்துக்குப் பெற்றுக்கொடுப்பாராயின் இன்னும் நன்று.