கோட்டின் தடிமன் எந்தப் பக்கம் விழுகிறது?

வடிவியலில் கோட்டுக்கு நீளம் மட்டுமே உண்டு. தாளில் விழும் கோட்டுக்கோ தடிமனும் வேண்டும். இல்லாவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பக்கத்தில் கோடு போடும் எந்த அச்சுக்கோப்பு மென்பொருளும் இரண்டை முடிவு செய்தாக வேண்டும்: தடிமன் எவ்வளவு, அது குறித்த இடத்துக்கு எந்தப் பக்கம் விழ வேண்டும். தொல்லை பெரும்பாலும் இரண்டாவதில்தான் வருகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கனூத் 1970-களின் இறுதியில் உருவாக்கிய டெக் மென்பொருளுக்குக் கோடு என்பது மை நிரப்பிய ஒரு செவ்வகம். எழுத்துக்கு இருப்பதுபோலவே அதற்கும் அகலம், உயரம், அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் ஆழம் மூன்றும் உண்டு. தடிமன் எதுவும் சொல்லாவிட்டால் 0.4 பாயிண்ட், அதாவது ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர். கிடைக்கோட்டின் தடிமன் முழுவதும் குறித்த இடத்துக்கு மேலேயே அமையும். கீழே எதுவும் இறங்காது.

வரையும் இடமும் பக்கத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓர் எழுத்து விழுந்ததும் அதன் அகலத்துக்கு இடம் வலப்பக்கம் தள்ளிப்போகிறது. கோடு போட டெக்கின் வெளியீட்டுக் கோப்பில் இரண்டு கட்டளைகள் உள்ளன: ஒன்று போட்டுவிட்டு நகரும், மற்றது போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். நடுவில் வேறெங்காவது போய்வர வேண்டுமானால், இருக்கும் இடத்தைச் சேமித்துவிட்டுப் பிறகு அங்கேயே திரும்பலாம். இந்தக் கணக்கெல்லாம் பாயிண்டின் 65,536-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு நடக்கிறது. ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறிய அளவு அது. எனவே கூட்டிக் கழிப்பதில் சேரும் பிழை எவ்வளவு பெரிய ஆவணத்திலும் கண்ணில் படாது.

அடோபி நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வேறு வழியில் போகிறது. முதலில் தடிமனே இல்லாத ஒரு பாதையை வகுத்துவிட்டு, பின்னர் அதன் மேல் மை பூசுகிறது. தடிமன் பாதைக்கு இருபுறமும் பாதிப் பாதியாகப் பிரியும். 100 பாயிண்ட் அகலமுள்ள பெட்டிக்கு 4 பாயிண்ட் கோடு போட்டால் வெளியளவு 104, உள்ளளவு 96. பிடிஎஃப் கோப்பும் இந்த முறையையே பின்பற்றுகிறது. பெட்டி வரைந்த பிறகு உள்ளிருக்கும் எழுத்து கோட்டோடு ஒட்டிக்கொண்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பாதி அளவைத்தான்.

அச்சு இயந்திரத்துக்குப் பாயிண்ட் தெரியாது, புள்ளிதான் தெரியும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இடும் லேசர் அச்சுப்பொறியில் 0.4 பாயிண்ட் என்பது சுமார் 1.66 புள்ளி. டெக்கின் வெளியீட்டு முறையில் இது மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு 2 புள்ளியாகிறது. எவ்வளவு மெல்லிய கோடும் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்த நல்ல முடிவு இது. போஸ்ட்ஸ்கிரிப்டில் வடிவம் தொட்ட புள்ளி எல்லாம் கறுப்பாகும். ஆகவே 2 புள்ளித் தடிமனுள்ள கோடு கட்டத்தோடு சரியாகப் பொருந்தாமல் விழுந்தால் 3 புள்ளியைத் தொட்டுவிடும். ஒரே அட்டவணையில் ஒரு கோடு மெலிந்தும் அடுத்தது தடித்தும் தெரிவது இதனால்தான். மொழியின் இரண்டாம் நிலையில் சேர்ந்த ஒரு வசதி, கோட்டைப் புள்ளிக் கட்டத்துக்கு ஏற்றபடி சற்றே நகர்த்தி எல்லாவற்றையும் ஒரே தடிமனாக்குகிறது.

போஸ்ட்ஸ்கிரிப்டில் தடிமனைப் பூஜ்யம் என்று தரவும் முடியும். அப்போது கோடு மறைவதில்லை. அந்தக் கருவியால் இட முடிந்த மிக மெல்லிய கோடு, அதாவது ஒரே ஒரு புள்ளி அகலம், கிடைக்கும். 300 புள்ளி அச்சுப்பொறியில் அது 0.085 மில்லிமீட்டர், நன்றாகவே தெரியும். அதே கோப்பு 2,400 புள்ளி இடும் இயந்திரத்துக்குப் போனால் 0.01 மில்லிமீட்டர்தான். சோதனைத் தாளில் இருந்த கோடு அச்சான புத்தகத்தில் காணாமல் போகும். அச்சுக்குப் போகும் பக்கத்தில் பூஜ்யத் தடிமனை ஒருபோதும் விடக் கூடாது; 0.25 பாயிண்டாவது எழுதித் தர வேண்டும்.

கோடுகள் சேரும் மூலையிலும் இதே பாதித் தடிமன் வேலை காட்டும். நான்கு பக்கத்தையும் தனித்தனிக் கோடாக வரைந்தால், ஒவ்வொன்றும் முனையிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். மூலைக்கு வெளியே ஒரு சிறு சதுரம் வெள்ளையாக விடுபடும். நான்கையும் ஒரே மூடிய பாதையாக வரைந்தால் மென்பொருள் அதை மூலை என்று கண்டுகொண்டு, கூராகவோ வட்டமாகவோ சீவியதுபோலவோ நிரப்பிவிடும்.